பழைய ஜிபிஎஸ் ரிசீவரும் காணாமற்போன 1024 வாரங்களும்

பல ஆண்டுகளாக ஓர் அட்டைப்பெட்டியில் கிடந்த பழைய ஜிபிஎஸ் ரிசீவர் ஒன்றைத் தூசு தட்டி, எட்டு பிட் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்றுடன் இணைத்து, போகிற வழியை நொடிக்கு ஒரு முறை மெமரி கார்டில் எழுதிவைக்கும் சிறு பதிவுக் கருவியாக மாற்ற வேண்டும் என்பதே என் எண்ணம். ஒரே நாளில் முடிந்துவிடும் என்று நம்பித் தொடங்கிய வேலை 2025 ஜூன் மாதத்தின் முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளையும் எடுத்துக்கொண்டது. செய்தது என்ன, ஏன் அப்படிச் செய்ய வேண்டியிருந்தது என்பதை, இதே வழியில் இறங்கும் மற்றவருக்குப் பயன்படும் என்று எழுதிவைக்கிறேன்.

மின்னிணைப்பு கொடுத்ததும் ரிசீவருக்கு உயிர் வந்துவிட்டது. சீரியல் இணைப்பை 4800 பாட் வேகத்தில் வைத்ததும், ஜிபிஎஸ் ரிசீவர்கள் தகவலை எழுத்து வரிகளாக அனுப்பும் பொது வடிவமான என்எம்இஏ 0183-இல் வரிகள் வரத் தொடங்கின. முதல் வரியில் ஃபர்ம்வேரின், அதாவது ரிசீவருக்குள் பதிந்திருக்கும் நிரலின், பதிப்பும், அது உருவாக்கப்பட்டது 2005 ஆகஸ்ட் என்ற குறிப்பும் இருந்தன. அந்த மாதத்தைக் குறித்துவைக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. திறந்த மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் வைத்திருந்தும் இடம் பிடிபடவில்லை என்பதுதான் அன்றைய கவலை. ஜிஎஸ்வி வரியில் தெரியும் செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை பூஜ்யமாகவே நின்றது.

முதலில் ஆண்டெனாவைச் சந்தேகித்தேன். இது உள்ளே பெருக்கி உள்ள ஆக்டிவ் ஆண்டெனா. அந்தப் பெருக்கிக்கு வேண்டிய மின்சாரத்தை ரிசீவரே கோஆக்சியல் கேபிளின் நடுக்கம்பி வழியாக அனுப்புகிறது. ஆகவே விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு: ரிசீவர் மொத்தமாக இழுக்கும் மின்னோட்டத்தை மல்டிமீட்டரில் பார்த்துக்கொண்டே ஆண்டெனாவைக் கழற்றி மாட்ட வேண்டும். நல்ல ஆண்டெனா என்றால் மாட்டியதும் பத்துப் பதினைந்து மில்லியாம்பியர் கூட வேண்டும். என்னுடையதில் எண் அசையவே இல்லை. கனெக்டரின் அடிவாரத்தில் கேபிளை இரண்டு விரல்களால் அழுத்தி வளைத்தபோது எண் ஒரு கணம் 12 மில்லியாம்பியர் ஏறி இறங்கியது. வெளி வலை முழுதாக இருக்க, உள்ளே நடுக்கம்பி மட்டும் முறிந்திருந்தது. நான்கு சென்டிமீட்டரை வெட்டியெறிந்து, புதிய எஸ்எம்ஏ கனெக்டரை அழுத்தி மாட்டினேன். ஆர்ஜி-174 போன்ற மெல்லிய கேபிள் இந்த அதிர்வெண்ணில் மீட்டருக்கு ஒரு டெசிபெல்லுக்கும் மேல் விழுங்கிவிடும் என்பதால், மிச்சமிருந்த நீளத்தைச் சுருட்டிவைக்காமல் தேவைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் கஞ்சத்தனம் ஏன் என்றால், தரையை வந்தடையும் சமிக்ஞை அவ்வளவு மெலிந்தது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்1 அலை, ஆண்டெனாவைத் தொடும்போது மைனஸ் 130 டிபிஎம் அளவில்தான் இருக்கும். அதாவது ஒரு வாட்டில் பத்தாயிரம் டிரில்லியனில் ஒரு பங்கு. ரிசீவரின் சொந்த வெப்ப இரைச்சலே இதைவிடப் பல பத்து மடங்கு வலுவானது. இரைச்சலுக்கு அடியில் புதைந்து கிடக்கும் இந்த அலையை எடுக்க முடிவதற்குக் காரணம், ஒவ்வொரு செயற்கைக்கோளும் தனக்கே உரிய 1023 துண்டுகள் கொண்ட ஒரு குறியீட்டை ஒரு மில்லிநொடிக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப அனுப்புவதுதான். எல்லாச் செயற்கைக்கோள்களும் (இனிச் சுருக்கமாகக் கோள்கள்) ஒரே அதிர்வெண்ணில் பேசினாலும், ரிசீவர் தன்னிடம் உள்ள குறியீட்டு நகலை வந்த அலையின் மேல் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்க்கிறது. சரியாகப் பொருந்தும் நிலையில் மட்டும் அந்தக் கோளின் சமிக்ஞை மேலே எழுகிறது, மற்றவை இரைச்சலோடு இரைச்சலாக அமுங்கிப்போகின்றன. அதோடு கோள் நெருங்குவதாலும் விலகுவதாலும் ஏற்படும் டாப்ளர் விலகல், பக்கத்துக்கு ஐந்தாயிரம் ஹெர்ட்ஸ் வரை போகும் என்பதால், தேடல் இரண்டு திசைகளில் நடக்க வேண்டியிருக்கிறது.

கேபிளைச் சரிசெய்த பிறகு ஜிஎஸ்வி வரியில் எண்கள் வந்தன. ஒவ்வொரு கோளுக்கும் அதன் எண், ஏற்றக்கோணம், திசைக்கோணம், இறுதியாகச் சமிக்ஞை வலிமை என நான்கு மதிப்புகள் இருக்கும். வலிமை 40-க்கு மேல் என்றால் நிம்மதி. 30-க்குக் கீழே இறங்கினால் அந்தக் கோளை நம்பிப் பயனில்லை. எனக்கு ஏழு கோள்கள் 38-க்கும் 46-க்கும் இடையில் நின்றன.

ஆனாலும் ஒவ்வொரு முறை நிறுத்தி இயக்கும்போதும் இடம் பிடிக்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனது. மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, உள்ளே இருந்த பொத்தான் வடிவ பேக்அப் செல் 0.3 வோல்ட் காட்டியது. மூன்று வோல்ட் காட்ட வேண்டிய செல் அது. மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தையும், கோள்கள் பற்றிய தரவையும் காப்பதே இதன் வேலை. தரவு இரண்டு வகை. ஆல்மனாக் என்பதைப் பஞ்சாங்கம் என்றே தமிழில் சொல்லலாம்: எல்லாக் கோள்களும் உத்தேசமாக எங்கே இருக்கும் என்ற, வாரக்கணக்கில் பயன்படும் தோராயக் குறிப்பு. எபிமெரிஸ் என்பது ஒரு கோள் தன் சுற்றுப்பாதையைப் பற்றித் தானே சொல்லும் துல்லியக் கணக்கு. ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்கு மேல் அதை நம்பக்கூடாது. இவை நொடிக்கு வெறும் 50 பிட் என்ற ஆமை வேகத்தில் வருகின்றன. ஒரு முழுச் சட்டகம் 1500 பிட், 30 நொடி. அதில் முதல் 18 நொடியில் எபிமெரிஸ் அடங்கிவிடும். பஞ்சாங்கமோ 25 சட்டகங்களில் பகுதி பகுதியாக வருவதால், முழுவதும் கிடைக்க 12.5 நிமிடம் ஆகும்.

ஒன்றும் தெரியாமல் தொடங்குவது கோல்ட் ஸ்டார்ட். பஞ்சாங்கமும் நேரமும் கையில் இருந்து எபிமெரிஸ் மட்டும் பழசாகியிருந்தால் வார்ம் ஸ்டார்ட். எல்லாமே புதிதாக இருந்தால் ஹாட் ஸ்டார்ட். பெட்டியில் தூங்கிய ரிசீவருக்கு ஒவ்வொரு தொடக்கமும் கோல்ட் ஸ்டார்ட்தான். செல்லை மாற்றிய பிறகு முறையே 4 நிமிடம், 38 நொடி, 8 நொடி என்று என் குறிப்பேட்டில் பதிவாயிற்று. மாற்றும்போது ஓர் எச்சரிக்கை: இதில் இருப்பது மறுமின்னேற்றம் செய்யக்கூடிய லித்தியம் செல். அளவு ஒத்துப்போகிறது என்று சாதாரணச் செல்லைப் போட்டால், போர்டு அதற்கும் மின்னேற்ற முயலும். செல் உப்பிக் கசியும். சாலிடர் சூட்டையும் செல்லின் மேல் நேரடியாக வைக்காமல், தகட்டுக்கால்கள் உள்ளதாகவே வாங்கிப் பொருத்துவது நல்லது.

இரண்டாம் ஞாயிறு மைக்ரோகன்ட்ரோலருக்கு நிரல் எழுதினேன். முதல் நாள் நடையை வரைபடத்தில் ஏற்றியபோது, நடந்த பாதை உருவம் சிதைந்து 35 கிலோமீட்டர் தெற்கே போய்க் கிடந்தது. என்எம்இஏ வரியில் அட்சரேகை 1047.2540 என்று வருகிறது. இதை நூறால் வகுத்து 10.472540 பாகை என்று எடுத்துக்கொண்டது என் தவறு. உண்மையில் இது 10 பாகை, 47.2540 கலை, கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 47.2540-ஐ 60-ஆல் வகுத்துக் கூட்டினால் 10.787567 பாகை. இந்தத் தவற்றைச் செய்யாமல் இந்தத் துறைக்குள் நுழைந்தவர் யாரும் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

அதைத் திருத்திய பிறகும் படம் வினோதமாகவே இருந்தது. கருவியை ஒரே இடத்தில் அசையாமல் வைத்து எடுத்த புள்ளிகளைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அவை மேகம் போலப் பரவாமல், வடக்கு தெற்காக நிமிர்ந்த தூண்களாக, ஏறத்தாழ 83 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசை கட்டி நின்றன. முதலில் ரிசீவரைத்தான் நொந்துகொண்டேன். காரணம் என் நிரலில் இருந்தது. எட்டு பிட் போர்டில் தசம எண்ணுக்கு 32 பிட் மட்டுமே. அதில் எண்ணின் துல்லியத்துக்குக் கிடைப்பது 24 பிட். 64-க்கும் 128-க்கும் இடைப்பட்ட தீர்க்கரேகை மதிப்பை அதில் வைத்தால், அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே 0.0000076 பாகை இடைவெளி விழுந்துவிடும். தரையில் அதுதான் அந்த 83 சென்டிமீட்டர். அட்சரேகை சிறிய எண் என்பதால் அந்தத் திசையில் சிக்கல் கண்ணில் படவில்லை. பாகையைக் கோடியால் பெருக்கி முழு எண்ணாக வைத்ததும் தூண்கள் கரைந்தன. 180 பாகையைக் கோடியால் பெருக்கினாலும் 32 பிட் முழு எண்ணுக்குள் அடங்கும் என்பது வசதி.

அசையாத கருவியின் புள்ளிகள் ஏன் பரவ வேண்டும் என்ற கேள்விக்கு, ரிசீவர் உண்மையில் எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். அது அளப்பது நேரத்தை. கோள் அனுப்பிய நேரத்துக்கும் இங்கே வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒளியின் வேகத்தால் பெருக்கித் தொலைவாக்குகிறது. ஒரு மைக்ரோநொடி பிசகினால் 300 மீட்டர், ஒரு நானோநொடிக்கு 30 சென்டிமீட்டர். கோளில் அணுக்கடிகாரம் இருக்கிறது. ரிசீவரில் இருப்பதோ குவார்ட்ஸ் படிகம். அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு விலகினாலும், நொடிக்கு 300 மீட்டர் என்ற கணக்கில் பிழை குவியும். ஆகவே அளந்து கிடைக்கும் ஒவ்வொரு தொலைவிலும் ரிசீவரின் கடிகாரப் பிழை கலந்திருக்கிறது. அதனாலேயே அதற்குச் சூடோரேஞ்ச், போலித் தொலைவு என்று பெயர். எல்லாத் தொலைவுகளிலும் ஒரே அளவு பிழை கலந்திருப்பதால், அதையும் ஓர் அறியா எண்ணாகச் சேர்த்துத் தீர்த்துவிடலாம். இடத்தின் மூன்று ஆயங்கள், கடிகாரப் பிழை ஒன்று, ஆக நான்கு அறியா எண்கள். நான்கு கோள்கள் வேண்டும் என்பது இதனால்தான். தொலைவுகளை வைத்து இடம் காணும் இம்முறையைக் கோணங்களை வைத்துச் செய்யும் முக்கோண அளவையோடு பலர் குழப்பிக்கொள்வது எனக்குச் சற்று எரிச்சலூட்டும். இங்கே கோணம் எதுவும் அளக்கப்படுவதில்லை.

அயனமண்டலமும் கீழ்க்காற்றும் அலையைத் தாமதப்படுத்துகின்றன, சுவர்களில் பட்டுத் தெறித்த அலைகள் நீண்ட வழியில் வந்து சேர்கின்றன. இவற்றால் ஒவ்வொரு தொலைவிலும் சில மீட்டர் பிழை எஞ்சும். அந்தப் பிழை இடத்தில் எவ்வளவாகப் பெருகும் என்பதைக் கோள்களின் பரவல் தீர்மானிக்கிறது. இதற்கான எண்தான் டிஓபி. கிடைமட்டத்துக்கு எச்டிஓபி, உயரத்துக்கு விடிஓபி. மாடியில் எச்டிஓபி 1.1 காட்டிய கருவியைக் கிழக்குப் பார்த்த ஜன்னல் மேடையில் வைத்தபோது 6.8 காட்டியது. அங்கே எடுத்த புள்ளிகள் கிழக்கு மேற்காக நீண்ட சுருட்டு வடிவில் விழுந்தன. எல்லாக் கோள்களும் கிழக்கில் மட்டும் இருந்தால், நான் மேற்கே தள்ளி நிற்பதும் என் கடிகாரம் சற்று முந்துவதும் கணக்குக்கு ஒன்றுபோலவே தெரியும். இரண்டையும் பிரித்தறிய மேற்கு வானில் ஒரு கோளாவது வேண்டும். அந்தச் சுருட்டைப் பார்த்த பிறகுதான் டிஓபி என்பது எனக்கு வெறும் எண்ணாக இல்லாமல் போனது. உயரத்தின் நிலை எப்போதும் இப்படித்தான்: பூமி மறைப்பதால் கீழ்ப்பக்கம் ஒரு கோளும் தெரியாது, ஆகவே உயரம் எப்போதும் கிடைமட்டத்தைவிடப் பிழை மிகுந்தே வரும். கருவியின் விவரக்குறிப்பில் துல்லியம் இத்தனை மீட்டர் என்று போட்டு, பக்கத்தில் சிஇபி என்று சிறிய எழுத்தில் இருந்தால், பாதிப் புள்ளிகள் மட்டுமே அந்த வட்டத்துக்குள் விழும் என்று பொருள். மறுபாதிக்கு எந்த உறுதியும் இல்லை.

உயரத்தில் இன்னொரு குழப்பமும் நேர்ந்தது. ரிசீவர் 58 மீட்டர் என்றது. பக்கத்தில் வைத்திருந்த ஃபோன் செயலி மைனஸ் 34 என்றது. இடத்தையும் உயரத்தையும் தரும் ஜிஜிஏ வரியில் உயரத்துக்கு அடுத்த மதிப்பைப் பார்த்தால் மைனஸ் 92 என்று இருந்தது. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற புவி மாதிரி, பூமியை 6378.137 கிலோமீட்டர் நிலநடுக்கோட்டு ஆரம் கொண்ட, துருவத்தில் சற்றே தட்டையான வழவழப்பான நீள்கோளமாக எடுத்துக்கொள்கிறது. கடல் மட்டமோ புவியீர்ப்பின் போக்குக்கு ஏற்ப அதற்கு மேலும் கீழும் அலைகிறது. அந்த மட்டத்துக்கு ஜியாய்டு என்று பெயர். இரண்டுக்கும் இடைவெளி மிகப் பெரிதாக இருப்பது இந்தியப் பெருங்கடலில், இலங்கைக்குத் தெற்கே. அங்கே கடல் மட்டம் நீள்கோளத்துக்கு நூறு மீட்டருக்கும் மேல் கீழே இருக்கிறது. செயலி நீள்கோள உயரத்தையும், ரிசீவர் கடல்மட்ட உயரத்தையும் காட்டின, இரண்டும் சரி. என் பதிவில் இரண்டையும் தனித்தனிப் பத்திகளில் எழுதினேன்.

மூன்றாம் ஞாயிறு, ஜூன் 15, பதிவுக் கோப்பைத் திறந்தபோது நேரம் பின்னோக்கி ஓடியிருந்தது. செல்லைக் கழற்றி மாட்டிய பிறகு தொடங்கிய பதிவு அது. 07:21:46 என்ற வரிக்கு அடுத்த வரி 07:21:42. அதன் பிறகு ஒழுங்காகப் போயிற்று. இயக்கியதிலிருந்து பதின்மூன்றாவது நிமிடத்தில் இந்தத் தாவல். ஜிபிஎஸ் நேரம் 1980 ஜனவரி 6 அன்று உலக நேரத்தோடு சேர்ந்து தொடங்கியது. அதன் பிறகு, பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலக நேரத்தில் அவ்வப்போது சேர்க்கப்பட்ட லீப் நொடிகளை அது ஏற்பதில்லை. அதனால் 2017 ஜனவரி 1 முதல் அது 18 நொடி முந்தியிருக்கிறது. அந்த 18 என்ற எண்ணும் பஞ்சாங்கத்தோடு சேர்ந்து 12.5 நிமிடத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. அது வரும்வரை ரிசீவர் தன் ஃபர்ம்வேரில் உள்ள எண்ணை வைத்துக்கொள்கிறது. 2005 ஆகஸ்டில் அந்த எண் 13. ஐந்து நொடி முந்தியிருந்த நேரம், உண்மையான எண் வந்ததும் ஐந்து நொடி பின்வாங்கியது. கோல்ட் ஸ்டார்ட்டுக்குப் பிறகு கால்மணி நேரம் பதிவைத் தொடங்காமல் காத்திருக்கும்படி நிரலை மாற்றினேன். நேரம் மிகத் துல்லியமாக வேண்டும் என்றால் என்எம்இஏ வரியையும் நம்பக்கூடாது. 4800 பாட் வேகத்தில் நொடிக்கு 480 எழுத்துகளே வருவதால், ஆறு வரிகள் முழுவதும் வந்து சேரவே ஏறத்தாழ ஒரு நொடி ஆகிவிடும். அதற்கென்று இருக்கும், நொடிக்கு ஒரு துடிப்பு தரும் பிபிஎஸ் கம்பியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

நேரத்தைப் பார்த்த கண் தேதியைப் பார்க்கவில்லை. சிறிது நேரம் கழித்துத்தான் கோப்பின் பெயர் 2005 அக்டோபர் 30 என்று இருப்பது உறைத்தது. நேரம் சரி, இடம் சரி, தேதி மட்டும் ஏறத்தாழ 20 ஆண்டு பழையது. நாட்காட்டியில் தேடிப் பார்த்தேன்: 2005 அக்டோபர் 30-உம் ஞாயிறு, 2025 ஜூன் 15-உம் ஞாயிறு. இடைவெளி 7168 நாள். ஏழால் வகுத்தால் சரியாக 1024 வாரம். கோள்கள் தேதியை அனுப்புவதில்லை. வார எண்ணையும், அந்த வாரத்தில் கடந்த நொடிகளையும் மட்டும் அனுப்புகின்றன. பழைய எல்1 செய்தியில் வார எண்ணுக்குப் பத்து பிட்தான் இடம் என்பதால் 1023-க்குப் பிறகு மீண்டும் பூஜ்யம். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படி உருண்டது. அடுத்தது 2038 நவம்பரில். எல்2சி, எல்5 சமிக்ஞைகளின் புதிய செய்தி வடிவத்தில் 13 பிட் இருப்பதால், அங்கே 157 ஆண்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் 2019-இல் தவறியிருந்தால் எனக்கு அது புரிந்திருக்கும்; 2025-இல் ஏன்? விடை அந்த முதல் வரியில் இருந்தது. ஃபர்ம்வேர் எழுதியவர்கள், தாங்கள் எழுதிய 2005 ஆகஸ்டுக்கு முன்னே எந்தத் தேதியும் வர முடியாது என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து 1024 வாரங்களைக் கணக்கிட்டிருக்கிறார்கள். நியாயமான யோசனைதான், 2019-ஐ இந்த ரிசீவர் சத்தமில்லாமல் தாண்டியதும் அதனால்தான். அந்த 1024 வாரம் 2025 மார்ச், ஏப்ரல் வாக்கில் தீர்ந்துபோயிற்று. வாரத்துக்குள் கடந்த நொடிகளை வைத்தே சுற்றுப்பாதை கணக்கிடப்படுவதால், இடத்துக்கு எந்தக் குறையும் வரவில்லை.

புது ஃபர்ம்வேர் கிடைக்க வழியில்லை. ஆர்எம்சி வரியில் வரும் தேதியை நாள் எண்ணாக மாற்றி, 7168 கூட்டி, மீண்டும் தேதியாக்கும் சில வரிகளை மைக்ரோகன்ட்ரோலரில் சேர்த்தேன். வருங்காலத்தில் வேறு ரிசீவர் மாட்டினாலும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக, வரித் தொடக்கத்தில் ஜிபி என்ற எழுத்துகளை மட்டும் தேடாமல் ஜிஎன் என்பதையும் ஏற்கும்படி செய்தேன். குளோனாஸ், கலிலியோ, பெய்டோ போன்ற பிற செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்புகளையும் சேர்த்துக் கணக்கிடும் ரிசீவர்கள் அப்படித்தான் வரியைத் தொடங்கும். அவற்றுக்கு 7168 கூட்டக்கூடாது என்பதால், அந்தக் கூட்டலைத் தனி சுவிட்ச் ஒன்றின் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறேன். பெட்டியை மூடுமுன், மூடியின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டி எழுதினேன்: 2044 நவம்பர் முதல் 14336 கூட்டவும்.